கழுகும் கொடியும் பொறித்த மடக்குக் கத்திகள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு

அமெரிக்கக் கொடி, வெண்தலைக் கழுகு, சுதந்திர மணி, சுதந்திரதேவி சிலை என்று தேசச் சின்னங்கள் பொறித்த மடக்குக் கத்திகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறீர்களா? வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் தொடங்கியபோது தகவல்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடந்தன. முத்திரையைப் பற்றி ஒருவர் சொல்வார், விலையைப் பற்றி இன்னொருவர் சொல்வார். எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அப்புறம் பார்க்கலாம் என்று வரிசையாகச் சொல்ல யாருமில்லை. தட்டுத் தடுமாறித்தான் கற்க வேண்டியிருந்தது. 2026 ஜூலை 4-ஐ, அதாவது அமெரிக்காவின் 250ஆவது ஆண்டை ஒட்டி இந்த வகைக் கத்திகள் நிறைய வருகின்றன. புதிதாக வருபவர்கள் பணத்தை இழக்க இது தோதான நேரம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நினைவுக் கத்தியிலும் இரண்டு வேலைகள் இருக்கின்றன: கத்தியைச் செய்த வேலை, அதன் மேல் படம் போட்ட வேலை. இரண்டையும் ஒரே ஆலை செய்திருக்கலாம், வெவ்வேறு ஆட்களும் செய்திருக்கலாம். யார் கத்தி, யார் படம் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

1. எல்லையைக் குறுக்குங்கள்

‘தேசபக்திக் கத்தி’ என்று பொதுவாகத் தேட ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். ஒரு நிகழ்வையோ ஒரு நிறுவனத்தையோ தேர்ந்தெடுங்கள். 1976-இல் வந்த சுதந்திர இருநூற்றாண்டு, 1986-இல் வந்த சுதந்திரதேவி சிலையின் நூற்றாண்டு, 1987-இல் வந்த அரசியலமைப்பின் இருநூற்றாண்டு, 1991 வளைகுடாப் போர், இரண்டாம் உலகப் போரின் ஐம்பதாம் ஆண்டு நினைவுகள், 2001 செப்டம்பர் 11-க்குப் பின் வந்தவை என்று தெளிவான பிரிவுகள் இருக்கின்றன. தரைப்படை, கடற்படை, மரீன் படை என்று படைப்பிரிவு வாரியாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால் 1976-இல் தொடங்குங்கள் என்பேன். அந்த ஆண்டுக்காக ஏராளமாகச் செய்தார்கள், அதனால் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. அப்போது செய்த ஆலைகளில் சில இப்போது இல்லை. நியூயார்க் மாநிலத்தின் எல்லன்வில்லில் இருந்த இம்பீரியல் ஷ்ரேட் 2004-இல் மூடப்பட்டது. அதே மாநிலத்தின் கமில்லஸ் 2007-இல் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளிகளின் கைவேலை இனி வரப்போவதில்லை. எனக்கு அதுதான் பெரிய ஈர்ப்பு.

படைவீரர்களுக்கு உண்மையிலேயே வழங்கப்பட்ட கத்திகள் வேறு, நினைவுக் கத்திகள் வேறு. கமில்லஸ் ராணுவத்துக்குச் செய்துகொடுத்த, முழுக்கத் துருப்பிடிக்காத எஃகினாலான நான்கு அலகுக் கத்திகளின் பிடியில் ‘யு.எஸ்.’ என்று இருக்கும். பலவற்றில் ஆண்டும் பொறித்திருக்கும். இவை பணியில் இருந்தவை என்பதால் தனி மதிப்பு உண்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. செலவைக் கணக்குப் போடுங்கள்

1976-ஐ ஒட்டி வந்த சாதாரண நினைவுப் பரிசுக் கத்திகள் பெரும்பாலும் 30 டாலருக்குள் கிடைக்கும். பெயர் பெற்ற ஆலையின் அலங்காரக் கத்தி புதிதாக வாங்கினால் 80 முதல் 150 டாலர் வரை போகலாம். மான்கொம்புப் பிடியும் தொடர் எண்ணும் உள்ள பழைய கத்திகள் அதற்கும் மேலே.

பட்டியலில் போட்டிருக்கும் விலையோடு செலவு நிற்காது. ஏலத்தில் 100 டாலருக்கு ஒரு கத்தி உங்களுக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏல நிறுவனத்தின் வாங்குவோர் கட்டணம் 20 விழுக்காடு என்றால் 120. அதன் மேல் விற்பனை வரி 8 விழுக்காடு சேர்த்தால் 129.60. காப்பீட்டோடு அஞ்சல் செலவு 12 என்றால் 141 டாலரைத் தாண்டிவிடும். ஏலத்தில் கை தூக்கும் முன் இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மொத்தம் 100-தான் செலவழிக்க முடியும் என்றால் உங்கள் உச்சக் கேட்பு 67 டாலர்.

விலை தெரிந்துகொள்ள, கேட்கும் விலையைப் பார்த்துப் பயனில்லை. ஈபேயில் ‘விற்றுப்போனவை’ என்று வடிகட்டிப் பாருங்கள். அதே கத்தி சமீபத்தில் உண்மையாக எவ்வளவுக்குக் கைமாறியது என்று தெரியும். அச்சிட்ட விலைப்பட்டியல் புத்தகங்கள் மாதிரிகளை அடையாளம் காண நல்லவை. விலைக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

3. முத்திரையைப் படிக்கப் பழகுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. அவசரப்படாதீர்கள்.

அலகைத் திறந்தால், அது பிடியோடு சேரும் தடித்த அடிப்பகுதியில் செய்தவரின் முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் டாங் ஸ்டாம்ப் என்பார்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அலகுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் பாருங்கள்.

பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்யப்படும் கேஸ் கத்திகள் இதைக் கற்க நல்ல பாடம். 1970 முதல் அவர்கள் முத்திரையோடு புள்ளிகள் போட ஆரம்பித்தார்கள். 1970-இல் 10 புள்ளி. அடுத்தடுத்த ஆண்டு ஒவ்வொன்றாகக் குறைத்து 1979-இல் ஒரு புள்ளி. ஆக 1976 என்றால் 4 புள்ளி. 1980-இல் மறுபடி 10 புள்ளியிலிருந்து தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் 1986-க்கும் 4 புள்ளிதான் வரும்!

இருநூற்றாண்டு வருவதும் 1976-இல், சிலையின் நூற்றாண்டு வருவதும் 1986-இல். இரண்டுக்கும் புள்ளி ஒன்றே. வேறுபாடு, முத்திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் ‘கேஸ்’ என்ற பெயரின் ‘எஸ்’ எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது. 1980களின் முத்திரையில் அந்த எழுத்து மின்னல் கீற்றைப் போலக் கூர்மையாக நெளிந்திருக்கும், அதை ‘மின்னல் எஸ்’ என்றே அழைக்கிறார்கள். 1970களில் அது சாதாரண எழுத்து. ‘4 புள்ளி, எனவே 1976’ என்று சொல்லி 1986 கத்தியை விற்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை, பலருக்குத் தெரிவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நினைவுக் கத்திகளுக்கென்று தனி முத்திரை போட்டதும் உண்டு. எனவே புள்ளி பொருந்தவில்லை என்றால் உடனே போலி என்று முடிவு கட்டாமல், விற்பவரிடம் காரணம் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் நிதானமாக விளக்குவார்.

கேஸ் கத்தியில் மாதிரி எண்ணும் இருக்கும். முதல் இலக்கம் பிடியின் பொருள்: 6 என்றால் எலும்பு, 5 என்றால் மான்கொம்பு. இரண்டாவது இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. மீதி வடிவத்தின் எண். 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, ‘டிராப்பர்’ என்னும் 54ஆம் வடிவம். 5 என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கும் பிளாஸ்டிக் பிடியும் ஒரே கத்தியில் இருந்தால் பிடியை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பக் நிறுவனக் கத்திகளில் 1986 முதல் முத்திரையோடு ஆண்டுக் குறி ஒன்று இருக்கும். அவர்களுடைய 110 மாதிரியின் மேல் போட்ட நினைவுப் படங்கள் எண்ணற்றவை. அந்தக் குறிகளின் அட்டவணையைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

4. எந்த நாட்டில் செய்தது என்று பாருங்கள்

முன்பக்கம் கொடியும் கழுகும் ஜொலிக்கும், முத்திரையின் பின்பக்கம் ‘சைனா’ என்று சிறிதாக இருக்கும். இந்த வகையில் மிக அதிகமாகக் காணப்படும் ஏமாற்றம் இதுதான்.

அமெரிக்கச் சுங்க விதிகளின்படி இறக்குமதிக் கத்திகளில் செய்த நாட்டின் பெயர் கத்தியின் மேலேயே அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், பெட்டியில் மட்டும் அச்சிட்டால் போதாது. ஆகவே தேடினால் கிடைக்கும். செய்தவர் பெயரும் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை, அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருக்கிறது என்றால் தேய்த்து எடுத்திருக்கலாம். வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஷ்ரேட் ஆலை மூடிய பிறகு அந்தப் பெயர் விற்கப்பட்டது. பின்னால் அதே பெயரில் சீனாவில் செய்த கத்திகள் வந்தன. கமில்லஸ் பெயரும் கைமாறியது. 1976-இன் ஷ்ரேட்டும் 2010-இன் ஷ்ரேட்டும் பெயரால் மட்டுமே உறவு.

5. படம் எப்போது போட்டது என்று கண்டுபிடியுங்கள்

ஆலையே போட்ட படம், ஆலையிடம் ஒரு கடையோ சங்கமோ தனியாகச் சொல்லிச் செய்யவைத்தது, சாதாரணக் கத்தியை வாங்கி வெளியாள் லேசரில் போட்டது என்று மூன்று வகை உண்டு. முதல் இரண்டுக்கும் சேகரிப்பு மதிப்பு உண்டு. மூன்றாவது அழகாக இருக்கலாம், ஆனால் சாதாரணக் கத்தியின் விலைதான் கொடுக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அலகில் பழைய கீறல் இருந்தால் அது படத்தோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். கீறல் படத்தை வெட்டிக்கொண்டு போனால் படம் முந்தியது. படத்தின் கோடு கீறலின் மேல் சிதையாமல் போனால் படம் பிந்தியது. இந்தச் சோதனை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது.

கொடியில் விண்மீன்களை எண்ணுங்கள். 50 விண்மீன் கொடி 1960 ஜூலை 4-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1912 முதல் 1959 வரை 48. இரண்டாம் உலகப் போர்க்காலக் கத்தி என்று சொல்லி 50 விண்மீன் கொடி இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வட்டமாக 13 விண்மீன்கள் இருப்பது தொடக்கக்காலக் கொடியின் நினைவு. 1976 கத்திகளில் அது இயல்பானது.

6. கத்தியின் நிலையைச் சோதியுங்கள்

திறந்து மூடும்போது ‘டக்’ என்ற தெளிவான ஒலி வர வேண்டும். அலகை மெல்லப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அலகை இறுக்கிப் பிடிக்கும் முதுகு வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். பிடியில் ஆணி இறங்கும் இடத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கலாம், அது புகைப்படத்தில் தெரியாது.

‘மின்ட்’ என்றால் ஆலையிலிருந்து வந்தபடியே, பயன்படுத்தாத, சாணை பிடிக்காத கத்தி. விற்பவர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். ஒரு தடவை சாணை பிடித்திருந்தாலும் அது மின்ட் அல்ல. விளிம்பில் சீரற்ற கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாலிஷ் சக்கரத்தில் பிடித்த கத்தி கண்ணாடி போல மின்னும், முத்திரையின் எழுத்து விளிம்புகள் மழுங்கியிருக்கும். அதற்கு விலை குறைத்துக் கேளுங்கள்.

7. காகிதங்களைச் சரிபாருங்கள்

பெட்டி, சான்றிதழ், கத்தி மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். தொடர் எண் இருந்தால் அது கத்தியிலும் சான்றிதழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே புகைப்படத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தனித்தனிப் படம் வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய பெட்டியில் சான்றிதழ் இருந்தது, எண் வேறொரு கத்தியுடையது. கேட்டதற்கு ‘எல்லாம் ஒரே தொகுப்புதானே’ என்றார். அந்தப் பதிலை ஏற்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

‘3,000-இல் 1’ என்று அச்சிட்டிருந்தால் அது முதலாவது கத்தி என்று அர்த்தமில்லை. 3,000 கத்திகளிலும் அதேதான் அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பதே தொடர் எண். அப்புறம், சான்றிதழ் என்பது பெரும்பாலும் விற்ற நிறுவனம் தானே அச்சிட்ட அட்டை. கத்தியின் தரத்துக்கு அது சாட்சி இல்லை.

பெட்டியின் வயதையும் பாருங்கள். முகவரியில் ஜிப் என்னும் அமெரிக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963-க்கு முந்தையதாக இருக்க முடியாது. அது வந்ததே அந்த ஆண்டுதான். கடைகளில் பட்டைக் குறியீடு 1974-இல் தொடங்கியது. 1976 கத்திக்கு வலைத்தள முகவரி அச்சிட்ட பெட்டி வந்தால் பெட்டி வேறு எங்கிருந்தோ வந்தது என்று பொருள்.

8. எங்கே, எப்போது வாங்குவது

வாய்ப்பிருந்தால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். அட்லாண்டாவில் ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் நடக்கும் பிளேட் ஷோ மிகப் பெரியது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கத்திகளைத் தொட்டுப் பார்க்கலாம். டென்னசியின் செவியர்வில்லில் உள்ள ஸ்மோக்கி மவுண்டன் நைஃப் ஒர்க்ஸ் கடையும் போய்ப் பார்க்கத் தகுந்தது. முதல் தடவை வாங்காமல் சுற்றிப் பாருங்கள். எப்படி இருக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

இறந்தவர்களின் உடைமைகளை வீட்டிலேயே விற்கும் ‘எஸ்டேட் சேல்’ நல்ல இடம். பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும், கடைசி நாளில் பாதி விலைக்கு இறங்குவது வழக்கம். நல்லவை முதல் நாள் காலையிலேயே போய்விடும், 1976 பரிசுக் கத்திகள் கடைசி நாள்வரை கிடக்கும். அங்கே படைவீரரின் பெயர் வெட்டிய கத்தி கிடைத்தால் குடும்பத்தினரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தெரியாமல் விற்பனையில் சேர்ந்திருக்கலாம். அது அவர்களிடமே இருப்பதுதான் சரி.

ஜூலை 4-க்கு முந்தைய வாரங்களிலும் கிறிஸ்துமஸுக்கு முன்பும் வாங்காதீர்கள். 250ஆவது ஆண்டுக்காகச் செய்யப்படும் புதுக் கத்திகளுக்கும் இதே யோசனைதான். கொண்டாட்டத்துக்கு வாங்கியவர்கள் பலர் ஓரிரு ஆண்டில் விற்றுவிடுவார்கள். பிடித்த ஆலையின் கத்தி என்றால் ஒன்று வாங்குங்கள், மீதிக்குப் பொறுத்திருங்கள்.

9. பணம், அஞ்சல், சட்டம்

முன்பின் தெரியாதவருக்குப் பேபாலில் ‘நண்பர்கள், குடும்பம்’ வழியாகப் பணம் அனுப்பவே கூடாது. அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. சரக்குக்கான கட்டணமாக அனுப்பினால் 180 நாளுக்குள் முறையிடலாம். ஈபேயில் விவரித்தபடி இல்லை என்று சொல்லத் தருவது 30 நாள். பொட்டலம் வந்த அன்றே பிரித்துச் சோதியுங்கள், பிரிக்கும்போது காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். 100 டாலருக்கு மேல் என்றால், உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே பொட்டலத்தைத் தரும் முறையில் அனுப்பச் சொல்லுங்கள்.

சாதாரண மடக்குக் கத்தியை அமெரிக்காவுக்குள் அஞ்சலில் அனுப்பலாம். பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திகள் வேறு கதை. மாநிலங்களுக்கிடையே அவற்றை வணிகம் செய்வதைக் கட்டுப்படுத்த 1958-இலேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். வெளியே எடுத்துப் போவதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான அலகுள்ள சட்டைப்பைக் கத்தியைச் சட்டம் விலக்கி வைத்திருந்தாலும், வாசல் காவலர் தடுத்தால் உங்கள் நேரம்தான் போகும். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, ஒப்படைக்கும் பெட்டியில் சுற்றி வைக்கலாம்.

யானைத் தந்தப் பிடி உள்ள எதையும் வாங்காதீர்கள், 2016 விதிகளுக்குப் பின் மாநிலம் கடந்து விற்பதே பெரும் சிக்கல். மான்கொம்புப் பிடிகளில் பல நம் காடுகளில் திரியும் கடமானின் கொம்பு. இந்திய வனவிலங்குச் சட்டம் கடுமையானது என்பதால் ஊருக்கு எடுத்துப் போகும் எண்ணத்தில் அவற்றை வாங்க வேண்டாம்.

10. வைத்துக் காப்பது

தோல் உறைக்குள் நீண்ட நாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் நுரையும் காலப்போக்கில் இளகி ஒட்டும்.

செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக் பிடி உள்ள கத்திகளைக் கட்டாயம் பிரித்து வையுங்கள். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரிக்கும். எளிதில் தீப்பிடிக்கும் பொருளும்கூட. கத்தியைச் சுற்றிக் காரணமில்லாமல் துரு தெரிந்தால் முதலில் பிடியைச் சந்தேகியுங்கள்.

மெல்லிய துணியால் விரல்ரேகையைத் துடைத்து, மினரல் ஆயிலோ நுண்படிக மெழுகோ மிக மெல்லியதாகப் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள். ஓராண்டுக்கு இந்தச் செலவு 30 டாலரைத் தாண்டாது. உலோகப் பாலிஷ் எதையும் படத்தின் மேல் தேய்க்காதீர்கள். பொன்னிறப் பூச்சு ஒரு தேய்ப்பில் போய்விடும், திரும்ப வராது.

11. பதிவேடும் விற்பனையும்

முதல் கத்தியிலிருந்தே அட்டவணை போடுங்கள். மாதிரி எண், முத்திரை, தொடர் எண், வாங்கிய தேதி, யாரிடம், வரியும் அஞ்சலும் சேர்த்த மொத்தச் செலவு, இரண்டு பக்கப் புகைப்படம். ரசீதை ஸ்கேன் செய்து அதனோடு சேர்த்துவிடுங்கள். வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருள்களுக்கு உச்சவரம்பு இருக்கலாம். மொத்த மதிப்பு ஓரிரு ஆயிரம் டாலரைத் தாண்டும்போது முகவரைக் கேட்டு, தேவையானால் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் கேட்பது இந்த அட்டவணையைத்தான்.

விற்கும்போதும் அதுவே வேண்டும். ஈபே போன்ற இடங்களில் சுமார் 13 விழுக்காடு கட்டணமாகப் போகும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால் சேகரிப்புப் பொருள்களுக்கான கூட்டாட்சி வரி 28 விழுக்காடு வரை போகலாம், பங்குகளுக்கான சலுகை வீதம் இதற்குப் பொருந்தாது. லாபம் எவ்வளவு என்று காட்ட வாங்கிய ரசீது வேண்டும். ரசீது இல்லையென்றால் விற்ற தொகை முழுவதையுமே லாபமாகக் கணக்கிடும் நிலை வரலாம். எனவே எஸ்டேட் சேலில் ரொக்கம் கொடுத்து வாங்கினாலும், ஒரு துண்டுச் சீட்டிலாவது தேதியும் தொகையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.